பாறையை அளக்க ஆள் தேவை

அணுக்கழிவை ஆழமான பாறைக்குள் நிரந்தரமாக வைத்து மூடும் கிடங்கு இந்தியாவில் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. பிறகு எதற்கு அந்தப் பாறையைக் கண்காணிக்கும் கருவிகளைப் பற்றி விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி? கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: இந்தக் கருவிகள் அணுக்கழிவுக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. சென்னை மெட்ரோ சுரங்கப் பாதையிலும், விசாகப்பட்டினத்தில் கச்சா எண்ணெய் நிரப்பி வைத்திருக்கும் பாறைக் குகையிலும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும், கல்குவாரிகளிலும் பயன்படுவது இதே குடும்பத்துக் கருவிகள்தான். கற்றுக்கொண்ட கைக்கு இன்றைக்கே வேலை உண்டு. அணுக்கழிவுக் கிடங்கு என்றாவது வந்தால், அன்று அனுபவத்தோடு உள்ளே போகலாம்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டதிலிருந்து பட்டாசு மண்ணில் ஒரு பேச்சு ஓயவில்லை: ‘இது எங்களோட போகட்டும், பிள்ளைங்க மருந்து ரூம் பக்கம் வர வேண்டாம்.’ அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த மண்ணில் வளர்கிறவர்களுக்கு வெடிபொருளிடம் ஒரு மரியாதை கூடவே வளர்கிறது. மருந்து அறைக்குள் நைலான் துணி கூடாது, உராய்வு கூடாது, அளவுக்கு மேல் ஆள் கூடாது, காற்றில் ஈரம் குறைந்தால் நிலைமின்சாரம் கூடும் என்பதையெல்லாம் பாடப்புத்தகத்துக்கு முன்பே வீட்டில் கேட்டவர்கள் நீங்கள். தொழிலை விடுங்கள், தப்பில்லை. அந்த அறிவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாறையை அளக்கும் வேலையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

எதை அளக்கிறார்கள், ஏன்?

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் திரவம்தான் உயர்நிலைக் கழிவு. அதைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எவர்சில்வர் கலங்களில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் இதற்கான ஆலைகள் உண்டு. உறைந்த பிறகும் அந்தக் கண்ணாடி சூடு கக்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் தாராப்பூரில், காற்றோட்டத்தால் குளிரும்படி கட்டிய அறைகளில் பல பத்தாண்டுகள் ஆறவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது போக வேண்டிய இடம்தான் ஆழப் பாறை.

2013 மே 6 அன்று கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. கழிவின் அளவு குறைவு, இப்போது அவசரமில்லை என்பது அரசுத் தரப்பின் வழக்கமான பதில்.

பின்லாந்து காத்திருக்கவில்லை. ஒல்கிலுவோட்டோ தீவில், 400 மீட்டருக்கும் கீழே, ஓன்காலோ என்ற கிடங்கைக் குடைந்து முடித்துச் சோதனை ஓட்டம் வரை வந்துவிட்டார்கள். அங்கே எரிபொருளைப் பிரிப்பதில்லை. வார்ப்பிரும்பு வைத்த செம்புக் கலத்தில் அப்படியே அடைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண்ணைத் திணிக்கிறார்கள். அதற்கு வெளியே இருப்பது நைஸ் (gneiss) வகைப் பாறை. நம் தென்மாவட்டக் குன்றுகளில் பல இடங்களில் தலைநீட்டுவதும் அதே இனம்தான்.

அளக்க வேண்டியவை வெப்பம், அழுத்தம், அசைவு, தண்ணீர். கலத்தின் சூட்டில் பாறை விரியும். விரிய இடமில்லாமல் உள்ளுக்குள் அழுத்தம் ஏறும். அதனால் சில விரிசல்கள் மூடும், சில திறக்கும். திறந்த விரிசலில் தண்ணீர் நடமாடும். மற்ற மூன்றையும் நாம் கவனிப்பதே முக்கால்வாசி இந்தத் தண்ணீருக்காகத்தான். ஆழத்தில் இருக்கும் கதிரியக்கம் மேலே திரும்பி வர அதைவிட்டால் பெரிதாக வேறு வாகனம் இல்லை. களிமண்ணும் 100 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது ஸ்வீடன், பின்லாந்து வடிவமைப்பு விதி. தாண்டினால், நீரை உறிஞ்சி உப்பும் அதன் குணம் மாற ஆரம்பிக்கும்.

ஹீட்டர் வைத்துப் பார்த்த கோலார்

இந்தியாவில் இதற்கான பெரிய சோதனை கோலார் தங்கவயலில் நடந்தது. 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் (பார்க்), தங்கம் எடுத்துக் கைவிட்ட ஒரு பகுதியில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், ஆம்பிபோலைட் பாறையில் துளை போட்டு மின் ஹீட்டர்களை இறக்கினார்கள். கதிரியக்கப் பொருள் எதையும் கொண்டுபோகவில்லை. கழிவு கக்கும் சூட்டை ஹீட்டர் கக்கியது, அவ்வளவுதான். அந்தச் சூட்டில் பாறை எவ்வளவு விரிகிறது, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று சுற்றிலும் பொருத்திய கருவிகள் சொல்லின. காகிதத்தில் போட்ட கணக்கும் நிஜப் பாறையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். இன்றைக்கும் இந்தத் துறையில் வேலைக்குச் சேர்கிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கதை இது.

கோலாரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அப்படிச் சிதறிய பாறைக்குப் பலியான தொழிலாளர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள். எந்த இடத்தில் பாறை முனகுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, சுரங்கத்தைச் சுற்றி ஜியோபோன்களை நட்டு அதிர்வுகளைப் பதிவு செய்தார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் (நிர்ம்) கோலாரிலேயே தொடங்கப்பட்டது. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நிறுவனம் வளர்ந்து, நாட்டின் அணைகளுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் பாறைக் குகைகளுக்கும் ஆலோசனை சொல்லும் இடமாகிவிட்டது.

கோலாருக்கு இன்னொரு பாடமும் உண்டு. கூடங்குளம் வழக்கு நடந்துகொண்டிருந்த 2012 நவம்பரில், கழிவு கோலாருக்கு வரப்போகிறது என்ற செய்தி பரவி, தங்கவயல் கொந்தளித்தது. அப்படித் திட்டமில்லை என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அறிவித்தபோதும் ‘அணுக்கழிவுக்குத்தான் மலையைக் குடைகிறார்கள்’ என்ற அச்சம் எழுந்ததை நாம் பக்கத்திலிருந்தே பார்த்தோம். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கித் தள்ளும் விஞ்ஞானிகளோடு எனக்கு உடன்பாடில்லை. எதை அளக்கிறோம், என்ன வந்தது என்பதை ஊர்மக்கள் முன் தமிழில் விளக்கத் தெரிந்த ஆள் இந்தத் துறையில் அரிது. அந்தத் திறமை உங்களிடம் இருந்தால், விண்ணப்பத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

கருவிப் பெட்டியில் என்ன இருக்கிறது?

எக்ஸ்டென்சோமீட்டரிலிருந்து ஆரம்பிப்போம், சைட்டில் யாரும் அதைத் தமிழில் சொல்வதில்லை. பாறை உள்ளே எந்த ஆழத்தில் எவ்வளவு நகர்கிறது என்று சொல்வது இதன் வேலை. குகைச் சுவரிலோ கூரையிலோ ஒரு துளை போடுவார்கள். அதற்குள் 2 மீட்டர், 5 மீட்டர், 10 மீட்டர் என வெவ்வேறு ஆழத்தில் நங்கூரங்கள். ஒவ்வொரு நங்கூரத்திலிருந்தும் ஒரு கம்பி வாய்ப்பகுதி வரை வரும். சிமெண்ட் கிரவுட் ஊற்றி நங்கூரங்களைப் பாறையோடு இறுக்கிவிடுவார்கள். கம்பிகள் மட்டும் குழாய்க்குள் தாராளமாக நகரும். 2 மீட்டர் கம்பி அசைகிறது, 10 மீட்டர் கம்பியும் அதே அளவு அசைகிறது என்றால் வாய்ப்பகுதிக்கும் 2 மீட்டருக்கும் நடுவில்தான் பாறை பிளக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், எந்த அடுக்கில் பாறை பிளக்கிறது என்று தெரிந்துவிடும். அளவோ மில்லிமீட்டரின் பின்னங்களில்.

அந்த அசைவை மின்சமிக்ஞையாக மாற்றுவதற்கு இந்தத் துறையில் பரவலாகப் பயன்படுவது அதிர்கம்பி முறை. மூடிய குழாய்க்குள் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். பக்கத்தில் உள்ள மின்சுருள் அதைச் சுண்டிவிடும்; கம்பி அதிரும். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவதுபோல, பாறை கம்பியை இழுத்தால் அதிர்வெண் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதிர்வெண்ணின் வர்க்கத்தைக் கருவியின் எண்ணால் பெருக்கினால் திரிபு கிடைக்கும். இதில் மின்னழுத்தத்தை அளக்கவில்லை, அதிர்வெண்ணைத்தான் எண்ணுகிறோம். அதனால் கேபிள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீண்டாலும், அதன் மின்தடை கொஞ்சம் மாறினாலும் ரீடிங் கெடாது. பாறைக்குள் போகும் முனையில் சிப் எதுவும் தேவையில்லை என்பது கதிர்வீச்சு உள்ள இடத்தில் பெரிய லாபம். லக்னோவைச் சேர்ந்த என்கார்டியோ-ரைட் போன்ற இந்திய நிறுவனங்களே இவற்றைத் தயாரிக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரிசல்களில் நீரழுத்தத்தை அளப்பது பீசோமீட்டர். பாறைக்குள் அடித்த போல்ட் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று சொல்வது லோட் செல். களிமண் நீரை உறிஞ்சி உப்பும்போது தரும் அழுத்தத்துக்கு பிரஷர் செல், அதன் ஈரத்துக்கு ஈரப்பத சென்சார், சூட்டுக்குத் தெர்மோகப்பிளும் தெர்மிஸ்டரும். குகையின் இரண்டு சுவர்கள் நெருங்குகின்றனவா என்று பார்க்க டேப் எக்ஸ்டென்சோமீட்டரும் டோட்டல் ஸ்டேஷனும். பாறைக்குள் முடிமுடியாக விரிசல் விடும் ஓசையைப் பிடிக்க மைக்ரோசீஸ்மிக் வலை. இப்போது கண்ணாடி இழையும் வந்திருக்கிறது. ஒரே இழையை நீளத்துக்கும் ஓட்டிவிட்டால், அதன் ஒவ்வொரு மீட்டரும் ஒரு வெப்பமானியாகவும் திரிபுமானியாகவும் வேலை செய்யும். ஆனால் கதிர்வீச்சில் அந்த இழை மெல்ல மங்கும்.

சாதாரணச் சுரங்கத்தில் கருவி பழுதானால் மாற்றலாம். கழிவுக் கிடங்கில் கலத்தை வைத்துக் களிமண்ணை அடைத்து மூடிவிட்டால், உள்ளே இருக்கும் சென்சாரை யாரும் தொட முடியாது. சரிபார்க்கவும் முடியாது. அது சொல்வதை நம்பலாமா என்ற கேள்விக்கு ஸ்விட்சர்லாந்தின் கிரிம்செல் மலைக்குள் ஸ்பெயின்காரர்கள் முன்னின்று நடத்திய ஃபெபெக்ஸ் சோதனை நல்ல பதில் வைத்திருக்கிறது. 1997இல் இரண்டு ஹீட்டர்களை பென்டோனைட்டுக்குள் புதைத்து, மேற்பரப்பை 100 டிகிரியில் நிறுத்தி, 632 சென்சார்களைப் பொருத்தினார்கள். 2002இல் ஒரு பாதியைப் பிரித்துப் பார்த்தார்கள். மறுபாதி 2015 வரை, மொத்தம் 18 ஆண்டுகள் சூட்டிலேயே இருந்தது. பிரித்தபோது களிமண்ணின் ஈரத்தை வெட்டி எடுத்து அளந்து, சென்சார்கள் அதுவரை சொல்லிவந்ததோடு ஒப்பிட முடிந்தது. பொறியாளர்களுக்கு இதைவிடக் கறாரான தேர்வு கிடையாது.

இன்னொரு சிக்கல், கேபிள். நீர் புகாத அடைப்பு என்று கட்டிவிட்டு அதற்குள் நூறு ஒயரை இழுத்தால், ஒவ்வொரு ஒயரும் தண்ணீருக்கு ஒரு வழி. அதனால் பாறை வழியாகவே தகவல் அனுப்பும் கம்பியில்லாக் கருவிகளை ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2009 முதல் 2019 வரை இரண்டு கூட்டுத் திட்டங்களில் ஆராய்ந்தன. பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதில்தான் இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எம்பெடட் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர் எவருக்காவது ஆராய்ச்சித் தலைப்பு வேண்டுமென்றால், இதோ.

சிவகாசிக்காரருக்குச் சட்டென்று புரியும் ஒரு விபத்து

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், 655 மீட்டர் ஆழத்தில், உப்புப் பாறைக்குள் ராணுவ அணுக்கழிவை வைக்கும் கிடங்கு 1999 முதல் இயங்குகிறது. 2014 பிப்ரவரி 14 இரவு அங்கே ஒரு டிரம் உள்ளுக்குள்ளேயே சூடேறி வாய் பிளந்தது. காரணம், டிரம்மில் நைட்ரேட் உப்புகள் இருந்தன. ஈரத்தை உறிஞ்சுவதற்காக, வழக்கமான களிமண் துகளுக்குப் பதிலாக, தானியத்தில் செய்த பூனைக் கழிவறைத் துகளைக் கலந்துவிட்டார்கள். நைட்ரேட்டோடு எரியக்கூடிய பொருள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெடியுப்பும் கரியும் பார்த்து வளர்ந்தவரிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

அன்று பெரிய கேடு வராமல் தடுத்தது ஒரு கருவி. உள்ளே காற்றைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டிருந்த கதிர்மானி அலாரம் அடித்ததும், காற்றோட்டம் வடிகட்டி வழிக்கு மாறியது. அப்படியும் சிறிதளவு கசிவு வெளியே போனது. கிடங்கு மூன்று ஆண்டுகளுக்கு மூடிக் கிடந்தது. அந்த இடைவெளியில் இன்னொன்று நடந்தது. உப்புப் பாறை மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் குணமுள்ளது. கதிரியக்கம் படிந்த பகுதிகளில் கூரை போல்ட்களைப் பராமரிக்க முடியாமல் போனதால், 2016இல் கூரை சரிந்தது. ஆள் போக முடியாத இடத்தில் அளவீடும் தடுமாறும், பராமரிப்பும் தடுமாறும் என்பதை இத்துறையில் எவரும் மறப்பதில்லை.

வேலை எங்கே?

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தில் ராமசாமிராஜா நகர், ஆலங்குளம் சிமெண்ட் ஆலைகளும் அவற்றுக்கான சுண்ணாம்புக்கல்லும் உண்டு. கல்குவாரியும் கிரஷரும் எத்தனையோ. குவாரியில் வெடி வைத்தால் பக்கத்து ஊர்ச் சுவரில் விரிசல் என்று புகார் வரும். அது வெடியால் வந்ததா, அஸ்திவாரம் சரியில்லையா என்று தீர்ப்பது அதிர்வுமானி. தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, பிறருக்குச் சொந்தமான வீடுகளுக்கு அதிர்வு வேகத்தில் இந்த வரம்பை வைத்திருக்கிறது: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் விநாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. பழைய கோயில் போன்ற கட்டடங்களுக்கு முறையே 2, 5, 10. இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள்.

அளக்கும் முறை எளிதுதான், ஆனால் கெடுப்பதும் எளிது. ஜியோபோனில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது வெடி வைக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மண்ணில் என்றால் குழி தோண்டிப் புதைத்து மிதித்து இறுக்க வேண்டும். சிமெண்ட் தரை என்றால் மணல் மூட்டையை மேலே வைக்க வேண்டும். சும்மா வைத்துவிட்டால் கருவியே குதித்து, இல்லாத அதிர்வைக் காட்டும். ஒரு டிலேக்கு (ஒரே நேரத்தில் வெடிக்கும் துளைகளுக்கு) எத்தனை கிலோ தோட்டா போட்டார்கள், வெடித்த இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று குறிக்காத ரீடிங் குப்பைக்குத்தான் போகும். தூரத்தை அந்தக் கிலோவின் வர்க்கமூலத்தால் வகுத்துப் போடும் கணக்குதான் அடுத்த வெடிக்கு எவ்வளவு மருந்து போடலாம் என்று சொல்லும். 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பக்கம் குவாரி வெடிபொருள் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வெடிபொருளுக்கு அருகே வேலை செய்யும்போது உரிமம் பெற்ற பிளாஸ்டர் (வெடி வைப்பவர்) சொல்வதே சட்டம். அளப்பவர் அவசரப்பட்டால் அவருக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து. அதேபோல் துளையிடும் தூசி. கர்ச்சீப் போதாது, நல்ல மாஸ்க் கேட்டு வாங்குங்கள், சிலிகோசிஸ் வந்தால் போகாது.

அடுத்த படி சுரங்கப் பாதைகள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டத்தின் நிலத்தடி மின்நிலையம், இமயமலையில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில் பாதை என்று எல்லா இடத்திலும் கண்காணிப்புக் குழு தனியாக உண்டு. மெட்ரோவில் ஒவ்வொரு கருவிக்கும் அலர்ட், ஆக்‌ஷன், அலாரம் என்று மூன்று நிலை வைத்திருப்பார்கள். ரீடிங் எந்த நிலையைத் தொட்டால் யாருக்கு எத்தனை நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்பது எழுத்தில் இருக்கும். இரவு ஷிப்டும் அடிக்கடி ஊர் மாறுவதும் இந்த வேலையோடு ஒட்டியவை. ஆரம்பச் சம்பளம் ஐடி நண்பர்களோடு ஒப்பிட்டால் மனசு உறுத்தும். நான்கைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு நிலைமை மாறும், வெளிநாட்டுத் திட்டங்களும் கதவு திறக்கும்.

கழிவுக் கிடங்குக்கு மிக நெருங்கிய இந்திய உறவு, அவசரகாலக் கச்சா எண்ணெய்க் குகைகள். விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூருவில் 15 லட்சம் டன், பாடூரில் 25 லட்சம் டன். குகைச் சுவருக்கு எஃகுப் பூச்சு கிடையாது. சுற்றியுள்ள பாறையில் நீரழுத்தத்தை எண்ணெயின் அழுத்தத்துக்கு மேலே வைத்திருப்பதால்தான் எண்ணெய் வெளியே கசிவதில்லை. அந்த அழுத்தம் இறங்கிவிட்டதா என்று இரவும் பகலும் சொல்வது பீசோமீட்டர். ஆழப் பாறையில் நீண்டகாலம் ஒன்றைச் சேமித்துக் கண்காணிப்பது எப்படி என்று கற்க, இந்தியாவுக்குள் இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

அரசு நிறுவனங்களில் நிர்ம், தன்பாத்தில் உள்ள சிம்ஃபர், பார்க், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்.

என்ன படிப்பது?

ஐடிஐயில் இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு. பார்க் நிறுவனமும் கல்பாக்கம் மையமும் உதவித்தொகையோடு எடுக்கும் பயிற்சியாளர் பணியில் டிப்ளமோ, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு முதல் பிரிவு. ஐடிஐ, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாம் பிரிவு. டிப்ளமோவில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸோ சிவிலோ போதும். பொறியியலில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமெண்டேஷன் நமக்குப் பக்கத்தில் கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரியில் உண்டு. சுரங்கப் பொறியியலுக்குக் கிண்டி. பி.எஸ்சி. புவியியல் என்று தேடி ஜியாகிரபியில் சேர்ந்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது ஜியாலஜி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் இருக்கிறது. மேலே படிக்க கேட் தேர்வில் இன்ஸ்ட்ருமெண்டேஷன், மைனிங், ஜியாலஜி அண்ட் ஜியோபிசிக்ஸ் என மூன்று தாள்களில் ஒன்று.

பெண்களுக்கு ஒரு செய்தி. சுரங்கச் சட்டம் நெடுங்காலம் அவர்களை நிலத்தடிக்கு விடவில்லை. 2019 ஜனவரி அறிவிக்கைதான், தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் காலை 6 முதல் இரவு 7 வரை நிலத்தடியில் வேலை செய்ய வழி திறந்தது. கருவி அளவீடு இந்தத் தொழில்நுட்பப் பணியில்தான் வரும். பட்டாசு ஆலைகளில் பாதிக்கும் குறையாமல் பெண்கள் உழைக்கும் மாவட்டத்தில் இது பலருக்குத் தெரிய வேண்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியது

கருவியைப் பொருத்தியதும் எடுக்கும் முதல் ரீடிங்தான் பூஜ்யம். அது தப்பானால் அடுத்த பத்து வருட ரீடிங்கும் தப்பு. கிரவுட் இறுகிய பிறகு, ஒன்றுக்கு மூன்று தடவை, வெப்பநிலையோடு சேர்த்து எடுங்கள். கருவியின் வரிசை எண், அதன் அளவுத்திருத்தச் சான்றிதழ், கேபிளில் கட்டிய டேக், போட்டோ, எல்லாம் அன்றைக்கே பதிவாக வேண்டும். சைட்டில் கருவி கெடுவதைவிட ஜேசிபி கேபிளை அறுப்பதுதான் அதிகம். கேபிள் போகும் வழியைச் சிவப்புப் பெயிண்டால் காட்டி, ஆபரேட்டரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். எக்செல் தெரிந்தால் போதும் என்று நிற்காமல் கொஞ்சம் பைத்தானும் கற்றுக்கொள்ளுங்கள். நூறு சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் எண்களைக் கண்ணால் பார்த்து முடியாது.

ஒருநாள் நிச்சயம் ஒரு ரீடிங் மட்டும் எகிறும். காண்ட்ராக்டர் ‘கருவிக் கோளாறு, எடுத்துவிடு’ என்பார். பாதி நேரம் அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கும். ஆனாலும் எண்ணை அழிக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டே, சந்தேகம் என்று பக்கத்தில் எழுதி, பக்கத்துக் கருவி என்ன சொல்கிறது என்று பார்த்து, மேலே அனுப்புங்கள். ரீடிங்கைத் திருத்தித் தரும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. அப்புறம் எந்த சர்டிபிகேட்டும் உதவாது.

1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் முதல் நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் குவாரிகளிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள், அதிர்வுமானி ஒன்றை ஏற்பாடு செய்து தரும்படி துறைத் தலைவரிடம் கேளுங்கள். குவாரி அனுமதியோடு, பக்கத்து ஊரில் ஒரு மாத அதிர்வை அளந்து, அறிக்கையைத் தமிழிலும் எழுதி ஊராட்சியிடம் கொடுங்கள். வேலைக்குப் போகும் நாளில் அந்த அறிக்கையின் பிரதி ஒன்றை மறக்காமல் கையில் எடுத்துப் போங்கள்.